கைவிட்டாயிற்று என்ற சொல்லைக் கைவிடுவோம்

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள்." எமது நாட்டின் வைத்தியசாலை வாசல்களில் நாள்தோறும் கேட்கும் வார்த்தை இது. இதைக் கேட்ட குடும்பத்தார் ஊருக்குத் திரும்பி, "டாக்குத்தர்மார் கைவிட்டு விட்டார்கள்" என்று அயலவரிடம் சொல்லி அழுகின்றனர். கைவிடப்பட்டவர் யார்? உழைத்து வளர்த்த தந்தை. பாலூட்டி வளர்த்த தாய். நோயைத் தீர்க்க முடியாது என்பது ஒன்று. நோயாளிக்குச் செய்ய ஒன்றுமில்லை என்பது முற்றிலும் வேறொன்று. முன்னையது வைத்திய சாத்திரத்தின் எல்லை. பின்னையது மனிதர் செய்யும் தவறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதனால் விளையும் துன்பத்தைத் தில்லையடி என்னும் ஒரு கரையோரக் கிராமத்தில் வைத்து நோக்குவோம்.

தில்லையடி புத்தளம் நகருக்கு அருகே உள்ளது. களப்பும் உப்பளமும் தென்னந்தோட்டமும் சூழ்ந்த இப்பகுதி, 1990-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தின் பின் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களின் இருப்பிடமாயிற்று. விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருந்தோருக்கு 30-ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். வீட்டை விட்டார்கள், கடையை விட்டார்கள், காணி உறுதிகளையும் விட்டு வந்தவர் பலர். ஓலைக் கொட்டிலில் தொடங்கிக் கல்வீடு வரை இங்கே மீண்டும் ஒரு வாழ்வை எழுப்பினார்கள். அன்று 30 வயதில் குழந்தையைத் தோளில் சுமந்து வந்தவர் இன்று 65-ஐக் கடந்து விட்டார். அந்தத் தலைமுறை முதுமையின் வாசலில் நிற்கின்றது. முதுமையோடு புற்றுநோயும், சிறுநீரக நோயும், இருதய நோயும் வருகின்றன. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையோடு புகையிலையை மெல்லும் பழக்கம் எத்தனை வீடுகளில் அதை விதைத்திருக்கின்றது என்பதைக் கமக்காரரும் மீனவரும் அறிவர்.

இத்தகைய வீடொன்றில் தந்தைக்குத் தீராத நோய் என்று முடிவானதும் நிகழ்வது என்ன? நோய் ஒருவருக்கு வருகின்றது. வீடு முழுவதும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக் கொள்கின்றது. முன் விறாந்தை நோயாளியின் அறையாகின்றது. உப்பளத்துக்கோ, வெங்காயத் தோட்டத்துக்கோ நாட்கூலிக்குப் போகும் மகன், வாப்பாவைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் நாளெல்லாம் கூலியை இழக்கின்றான். புத்தளத்திலிருந்து கொழும்புக்கு 130 கிலோமீட்டர் அளவு. அதற்கும் அப்பால் மகரகமையில் இருக்கின்றது தேசிய புற்றுநோய் வைத்தியசாலை. மருந்து இலவசமாயினும் வழியும் உணவும் தங்குமிடமும் இலவசமல்ல. மூத்த மகள் தன் வீட்டையும் தாய் வீட்டையும் ஒருசேரத் தாங்குகின்றாள். வளைகுடா நாட்டில் வேலை செய்யும் மற்றொருத்தி பணம் அனுப்புகின்றாள். வர முடியாமல் தவிக்கின்றாள். பத்தாம் வகுப்புப் பேரன் இரவுக் காவல் இருந்துவிட்டுப் பாடசாலையில் தூங்கி விழுகின்றான். இவையெல்லாம் அன்பின் அடையாளங்கள், ஐயமில்லை. ஆயினும், அன்பு இருக்கின்றது என்பதற்காக அதன்மீது எவ்வளவு பாரத்தையும் ஏற்றலாமா?

இவ்வளவும் செய்யும் குடும்பம் ஒன்றை மட்டும் செய்வதில்லை. நோயாளியிடம் உண்மையைச் சொல்வதில்லை. "வாப்பாவுக்குத் தெரியக் கூடாது" என்பது முதல் நாள் எடுக்கப்படும் முடிவு. அன்று தொடங்கி அந்த வீட்டில் இரண்டு உலகங்கள் உண்டாகின்றன. அடுக்களையில் அழுகை, கட்டிலருகே சிரிப்பு. நோயாளியோ தன் உடலை அறிந்தவர். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே யாவற்றையும் உணர்ந்து, அவர்கள் மனம் நோகுமே என்று தாமும் அறியாதவர் போல் இருந்து விடுகின்றார். ஒருவரையொருவர் காப்பதாக எண்ணி, யாவரும் தனித்தனியே துன்புறுகின்றனர்.

இதிலே மொழி என்ற முள்ளும் உண்டு. சிங்கள மொழி வழங்கும் இடத்தில் அமைந்த பெரிய வைத்தியசாலை எதற்கேனும் தமிழ் மட்டும் அறிந்த ஒரு முதியவர் சென்றால், அவருடைய நோயை அவருக்கு விளக்குபவர் யார்? வைத்தியரல்லர், கூடப் போன பிள்ளை. பாடசாலையில் கொஞ்சம் சிங்களம் கற்ற 14 வயதுச் சிறுமி, தன் பாட்டனாரின் மரணச் செய்தியைத் தானே கேட்டு, தானே மொழிபெயர்க்க வேண்டிய நிலை நாகரிகமான ஒரு நாட்டுக்கு அடுக்குமா? அச்சிறுமி உண்மையை விழுங்கிவிட்டு, "சுகமாகிவிடும் என்று சொல்கிறார்" என்று கூறினால் அவளைக் குறை கூற எவருக்கு மனம் வரும்?

1956-ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து எமது மக்கள் நின்றபோது, அது உத்தியோகம் பற்றிய சச்சரவு என்று எள்ளி நகையாடியவர் உளர். அது உத்தியோகத்தோடு முடியும் காரியமன்று. நோயாளியின் கட்டில் வரை வரும் காரியம். 1987-இல் 13-ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988-இல் 16-ஆம் திருத்தம் அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்பு கொள்ளும் உரிமையை விரித்துரைத்தது. ஏட்டிலே உரிமை இருக்கின்றது. தன் உடலில் இருக்கும் நோயைத் தன் மொழியில் அறியும் உரிமையைவிட அடிப்படையான மொழியுரிமை வேறு என்ன இருக்கக் கூடும்? ஒரு வைத்தியரையோ தாதியரையோ நாம் குற்றம் சாட்டவில்லை. நெருக்கடிக்குள் நின்று இராப்பகலாய் உழைப்பவர்கள் அவர்கள். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அவர்களருகே அமர்த்தாத நிருவாகத்தையே கேட்கின்றோம்.

உண்மையை மறைப்பதனால் மனத்துயர் மட்டுமல்ல, பொருள் இழப்பும் நேருகின்றது. சட்டத் தொழிலில் இருப்போர் இதனை நன்கு அறிவோம். தில்லையடியில் படுத்திருக்கும் அந்த முதியவருக்கு யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ முல்லைத்தீவிலோ ஒரு துண்டு நிலம் இருக்கலாம். உறுதி 1990-இல் தொலைந்திருக்கலாம். நொத்தாரிசு தாம் எழுதிய உறுதியின் இணைப்பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது சட்டத்தின் விதி. ஆதலால், தொலைந்த உறுதிக்கும் அங்கே தடம் கிடைக்க வழி உண்டு. ஆனால் தேடுவதற்கு நொத்தாரிசின் பெயர் வேண்டும், ஆண்டு வேண்டும், கிழக்கெல்லை யார், மேற்கெல்லை யார் என்பது வேண்டும். இவையெல்லாம் எந்தப் பெட்டியிலும் இல்லை. அந்த முதியவரின் நினைவில் இருக்கின்றன. உறுதியற்ற குடும்பத்துக்கு அவருடைய நினைவே உறுதி. அவர் மூச்சோடு அதுவும் போகும்.

பிறர் காணியைப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் உரிமை கோர இடமளிப்பது 1871-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். போரினால் துரத்தப்பட்டோர் அதனால் நிலமிழக்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு செய்தது. வழக்கிட அது தந்த காலம் இரண்டே ஆண்டுகள். சட்டம் தந்த கதவு இவ்வாறு திறந்து மூடும்போது, கதவருகே செல்ல வேண்டியவர் தம் நோயின் உண்மை அறியாது "சுகமானதும் பார்ப்போம்" என்று படுத்திருந்தால் நட்டம் யாருக்கு?

இறுதி நேரத்தில் அவசர அவசரமாகப் பெருவிரல் அடையாளம் வைத்து எழுதப்படும் உறுதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காணியைக் கைமாற்றும் ஆவணம் நொத்தாரிசின் முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840 முதல் இந்நாட்டுச் சட்டம். மரண நோயில் கிடப்பவர் தரும் நன்கொடையை இஸ்லாமியச் சட்டம் மரணசாசனத்துக்கு ஒப்பாகவே நிறுத்துப் பார்க்கும். சொத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டாலும், வாரிசு ஒருவருக்கே கொடுத்தாலும், ஏனைய வாரிசுகளின் சம்மதம் வேண்டும். மனைவிக்குக் கொடுபடாத மஹரும் ஏனைய கடன்களும் பங்குக்கு முன் தீர்க்கப்பட வேண்டியவை. அற்றோணித் தத்துவமோ கொடுத்தவர் இறந்த கணத்தில் செத்துப் போகும். தலைமாட்டில் ஒரு பிள்ளை எழுதுவித்த உறுதி, கால்மாட்டில் நின்ற பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் நீதிமன்ற வாசலில் நிறுத்துகின்றது. வழக்கறிஞருக்கு அது வருவாய். குடும்பத்துக்கு அது அழிவு. தெளிந்த அறிவோடு இருக்கும்போதே தந்தை யாவரையும் கூட்டி வைத்துப் பேசியிருந்தால் இவற்றில் பெரும்பகுதி நிகழாது.

"உண்மையைச் சொன்னால் மனம் உடைந்து முன்னதாகவே போய்விடுவாரே" என்பர் சிலர். இந்த அச்சத்தை நாம் இகழவில்லை. அது பாசத்திற் பிறந்தது. ஆனால் உண்மையைச் சொல்வது என்பது தலையில் கல்லைப் போடுவதன்று. அவர் எவ்வளவு அறிய விரும்புகின்றாரோ அவ்வளவு, அவர் கேட்கும்போது, அவருக்கு விளங்கும் வார்த்தையில் சொல்வதாகும். "எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்; மகனிடம் பேசுங்கள்" என்று அவரே கூறுவாராயின் அதுவும் அவர் உரிமை. அவர் கேளாதபோது திணிப்பதும் தவறு; கேட்கும்போது பொய் சொல்வதும் தவறு. சொல்லப்பட்டவர் என்ன செய்கின்றார்? பிணக்குற்ற சகோதரனை அழைக்கின்றார். கடன் கணக்கைச் சொல்கின்றார். பிறந்த ஊரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கின்றார். மறைக்கப்பட்டவருக்கோ இவற்றுள் எதற்கும் வாய்ப்பில்லை. எஞ்சிய நாட்கள் யாருடையவை? பிள்ளைகளுடையவை அல்ல, அவருடையவை.

இனி வலியைப் பற்றிப் பேசுவோம். வலியால் துடிப்பவரிடம் உண்மையும் பேச முடியாது. உறுதியும் பேச முடியாது. 1967-இல் இலண்டனில் சென் கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், தாதியாகவும் சமூக ஊழியராகவும் இருந்து பின் வைத்தியரானவர். இறக்கும் மனிதனின் வலி உடலில் மட்டுமல்ல, உள்ளத்திலும் குடும்பத்திலும் ஆன்மாவிலும் இருக்கின்றது என்றும், நான்கையும் சேர்த்தே தணிக்க வேண்டும் என்றும் அவர் உலகுக்குக் கற்பித்தார். அவர் கையில் இருந்த முதன்மையான மருந்து மோர்பின். அபினிலிருந்து எடுக்கப்படுவது, விலை மலிந்தது, வாயால் உட்கொள்ளத்தக்கது, வலி தலைதூக்கும் வரை காத்திராது மணிக்கணக்குப்படி கொடுக்கப்பட வேண்டியது. மலச்சிக்கலை உண்டாக்கும், ஆதலால் அதற்குரிய மருந்தையும் சேர்த்தே கொடுப்பர். வைத்தியர் அளந்து கொடுக்கும்போது நோயாளி அதற்கு அடிமையாகி விடுவார் என்ற அச்சத்துக்குப் பெரிதும் இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் 1977-இல் வெளியிட்ட முதலாவது இன்றியமையா மருந்துப் பட்டியலிலேயே இது இடம்பெற்றது.

ஆயினும் உலகில் இதன் பங்கீடு எவ்வாறு இருக்கின்றது? லான்செட் வைத்திய சஞ்சிகையின் ஆணைக்குழு கணக்கிட்டுக் கூறியபடி, உலகில் ஆண்டொன்றுக்கு வழங்கப்பட்ட மோர்பின் வகை மருந்து 298.5 தொன், அதில் மிக வறிய நாடுகளுக்குக் கிடைத்தது 0.1 தொன். செல்வரின் வலிக்கு ஒரு நீதி, ஏழையின் வலிக்கு ஒரு நீதி! அச்சமே சட்டமாகும்போது என்ன நேரும் என்பதற்கு இந்தியா சாட்சி. 1985-இல் அங்கே கொண்டு வரப்பட்ட போதைப்பொருட் சட்டத்தின் கடுமையால் மருந்துக்கான மோர்பினும் அருகிப் போயிற்று. 2014-இல் அச்சட்டத்தைத் திருத்தியே வழியைச் சீர்செய்தார்கள். எமது நாட்டில் 1929-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. போதை வணிகரை அது இறுக்கட்டும். வலியில் துடிக்கும் நோயாளியின் மருந்துப் போத்தலை இறுக்க வேண்டியதில்லை.

பணமில்லாத நாடு இதையெல்லாம் எவ்வாறு செய்யும் என்று கேட்போர், கடலுக்கு அப்பால் கேரளத்தைப் பார்க்கட்டும். அதுவும் களப்பும் தென்னையும் உள்ள கரைதான். 1993-இல் கோழிக்கோட்டில் வைத்தியர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொண்டர்களும் சேர்ந்து ஒரு சிறு வலிநீக்க நிலையம் தொடங்கினார்கள். நோயாளி நிலையத்துக்கு வர முடியாதபோது நிலையம் நோயாளியிடம் செல்ல வேண்டும் என்று கண்டார்கள். ஊரவரே பயிற்சி பெற்றார்கள்: ஆசிரியர், கடைக்காரர், கமக்காரர், மாணவர். மலப்புறத்தின் கிராமங்களிலே அயலவர் சேர்ந்து நோயாளியின் புண்ணைக் கழுவினார்கள்; அடுப்பெரியாத வீட்டுக்கு அரிசி கொடுத்தார்கள்; பிள்ளைகளின் படிப்பைக் கவனித்தார்கள். 2008-இல் கேரள அரசு இதனைக் கொள்கையாக ஏற்றது; இந்திய மாநிலங்களில் அதுவே முதலாவது. அதன்பின் பஞ்சாயத்தின் செலவில் தாதியர் வீடு வீடாகச் செல்கின்றனர். மக்கள் தொடங்கினர், அரசு பின்தொடர்ந்தது.

எமது மக்களுக்கு அந்த ஆற்றல் இல்லையா? 2011-இல் தெற்கு முனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்ததே! ஓர் அகதிமுகாமை ஊராக்கியவர்கள் தில்லையடி மக்கள். ஜனாஸா என்றால் ஒரு மணி நேரத்துள் திரண்டு வருவார்கள். கிணறும் கிடுகும் பகிர்ந்தவர்கள். இறந்த பின் தோள் கொடுக்கும் அதே ஊர், இறக்குமுன் ஆறு மாதம் முறைவைத்து இரவுக் காவலுக்குத் தோள் கொடுத்தால், அந்த மகள் வாரத்தில் இரண்டு இரவாவது கண்ணயர மாட்டாளா? பள்ளிவாசலாயினும் கோயிலாயினும் தேவாலயமாயினும், கமக்காரர் சங்கமாயினும் மீனவர் சங்கமாயினும், ஒரு பெயர்ப்பட்டியலும் ஒரு கட்டிலும் ஒரு நீர்மெத்தையும் ஒரு சக்கர நாற்காலியும் வைத்திருப்பது பெருஞ் செலவன்று.

ஆனால் ஊரின் ஈகையைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவ நாம் இடங்கொடோம். 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க மூத்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று விதிக்கின்றது. நன்று. கடமை தவறும் பிள்ளைக்குச் சட்டம் உண்டு. பிள்ளையற்ற முதியவருக்கு இல்லம் உண்டு. கடமையைச் செய்து செய்து களைத்து விழும் பிள்ளைக்கு என்ன உண்டு? கூலியிழந்த நாளுக்கு ஈடு உண்டா? வாரம் ஒருமுறை வாசலுக்கு வரும் தாதி உண்டா?

1926-இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாடு இது. அதன் வழியில் வளர்ந்த குடும்பநல மருத்துவமாது, கருவுற்ற தாயைத் தேடி ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்றாள்; தாய் மரணத்தையும் சிசு மரணத்தையும் குறைத்து உலகத்தார் மெச்சும்படி செய்தாள். மனிதன் பிறக்கும்போது வீடு தேடி வரும் அரசு, அவன் இறக்கும்போது வீதியின் முனையிலேயே நின்று விடுவது ஏன்? 2014-இல் உலக சுகாதாரப் பேரவை நோய்த்தணிப்புப் பராமரிப்பை ஒவ்வொரு நாடும் தன் சுகாதார சேவையோடு இணைக்க வேண்டும் என்று தீர்மானித்தது. எமது சுகாதார அமைச்சும் 2019 முதல் 2023 வரைக்கும் ஒரு தேசியத் திட்டம் வகுத்தது. அதற்குக் குறித்த காலம் கடந்து விட்டது. திட்டம் தாளிலிருந்து தில்லையடியின் ஒழுங்கைக்கு இறங்க வேண்டும்.

எனவே நாம் கேட்பவை இவை. புத்தளம் அரசினர் வைத்தியசாலையை மையமாகக் கொண்டு, வீடு சென்று பார்க்கும் தாதியரும் வைத்தியரும் அடங்கிய நோய்த்தணிப்புக் குழு ஒன்று வேண்டும். வாய்வழி மோர்பின் என்றும் தட்டுப்பாடின்றி மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். தமிழ் பேசும் நோயாளிக்குத் தமிழிலேயே நோயை விளக்க, பிள்ளையல்லாத ஒருவர் இருக்க வேண்டும். மூத்தோர் சட்டத்தைத் திருத்தி, பராமரிப்போருக்கு உதவுதொகை வகுக்க வேண்டும். சட்ட உதவி, கட்டிலில் கிடப்பவரின் வாக்குமூலத்தையும் காணி விவரத்தையும் வீட்டிலே வந்து பதியும் அளவுக்கு நீள வேண்டும்.

வைத்தியர்களே, ஒன்றுமில்லை என்ற சொல்லை உங்கள் அகராதியிலிருந்து நீக்குங்கள். வழக்கறிஞர்களே, இத்தகைய வீடுகளுக்கு மாதத்தில் ஒரு நாள் கொடுங்கள். கமக்காரப் பெருமக்களே, அயல் வீட்டு நோயாளியின் மகன் இழந்த நாட்கூலியைத் தோட்டத்தில் பகிர்ந்து கொடுங்கள். ஒருமுறை ஊரையும் வீட்டையும் இழந்து வந்த மனிதர் அவர். இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாவற்றையும் விட்டுவரச் செய்தது போதும். இந்த இறுதிப் பயணத்துக்கேனும் அவருக்கு முன்னறிவித்தல் வேண்டும். வலியற்ற உடல் வேண்டும். விடைபெறுவதற்குப் போதிய நேரம் வேண்டும்.